வடசென்னை வெக்கையில் மேன் ரே: இல்ஃபோர்டு மல்டிகிரேடு பேப்பர் தாங்குமா?

அமெரிக்க ஓவியரும் போட்டோகிராஃபருமான மேன் ரேவின் ரேயோகிராஃபை, அதாவது போட்டோ தாளின் மேல் சாமான்களை வைத்து எடுக்கும் நிழல் படத்தை, வீட்டிலேயே செய்து பார்க்க எந்த பேப்பர் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். இல்ஃபோர்டு மல்டிகிரேடு ஆர்சி டீலக்ஸ், கிளாஸி வகை, 8×10 அங்குலம், 25 தாள் பெட்டி. கூடவே அதே கம்பெனியின் மருந்துகள்: படத்தை எழுப்பும் மல்டிகிரேடு டெவலப்பர், அதை நிறுத்தும் இல்ஃபோஸ்டாப், படத்தை நிலைக்க வைக்கும் ரேபிட் ஃபிக்ஸர். கேமரா இல்லாமல் நிழலை மட்டும் வைத்துப் படம் பண்ண இந்த நான்கும் சேர்ந்தால் அருமையாக வேலை நடக்கும். ஆனால் மேன் ரேவின் இன்னொரு பெரிய வித்தையான சோலரைசேஷனுக்கு (பாதி எழும்பிய படத்துக்கு மறுபடி வெளிச்சம் காட்டுவது) இந்த பேப்பர் சுமார்தான். காரணம் பின்னால் வருகிறது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரமெல்லாம் 20 டிகிரித் தண்ணீருக்குப் போட்ட கணக்கு. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ மே மாத மதியம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆகவே இந்த மதிப்பீடு முழுக்க நம் ஊர் வெயில், நம் ஊர்த் தண்ணீர், காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் கைக்குக் கிடைக்கும் சாமான்கள் ஆகியவற்றை வைத்துத்தான்.

பேப்பருக்குப் போகுமுன் ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அவர் எதைச் செய்தார் என்று புரிந்தால்தான் பேப்பரிடம் எதை எதிர்பார்ப்பது என்று தெரியும். இம்மானுவேல் ராட்னிட்ஸ்கி என்ற இயற்பெயரோடு 1890 ஆகஸ்ட் 27 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம், அப்பா தையல்காரர். 1897இல் குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனது. தன் ஓவியங்களைப் படம் பிடித்து வைக்கத்தான் முதலில் கேமராவைக் கையில் எடுத்தார். 1915இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் தூஷாம் நண்பரானார். 1921 ஜூலையில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கும் தையல் மிஷின் சத்தத்துக்கும் பழகியவர்களுக்கு அவருடைய ‘பரிசு’ என்ற படைப்பு சட்டென்று புரியும். பாரிஸில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி 1921 டிசம்பரில் திறந்த அன்று, இசையமைப்பாளர் எரிக் சாத்தியோடு ஒரு கடைக்குப் போய் இஸ்திரிப்பெட்டி, ஆணி, பசை வாங்கி வந்தார். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஆணிகளை ஒரே வரிசையாக ஒட்டினார். தேய்க்கிற பெட்டி கிழிக்கிற பெட்டியாகிவிட்டது. தையல்கார வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தப் பெட்டியின் அடிப்பக்கம் எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்று தெரியும். கை வைக்க வேண்டிய இடமும் அதனால்தான் தெரிந்திருக்கிறது. அன்றாடச் சாமானை இப்படிப் பார்க்கிற கண்தான் ரேயோகிராஃபிலும் வேலை செய்கிறது.

ரேயோகிராஃப் பிறந்த கதையை அவரே 1963இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஓட்டல் அறையை இருட்டாக்கி, ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரேவுக்காக எடுத்த படங்களை பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சமே காட்டாத ஒரு தாள் டெவலப்பர் ட்ரேக்குள் போய்விட்டது. படம் வரவில்லை. நனைந்த தாளின் மேல் கண்ணாடிப் புனல், அளவுக் குடுவை, தெர்மாமீட்டர் ஆகியவற்றை வைத்து விளக்கைப் போட்டார். கண்ணெதிரிலேயே உருவம் எழுந்தது. 1922இல் அத்தகைய 12 படங்களைத் தொகுத்து, கவிஞர் திரிஸ்தான் சாராவின் முன்னுரையோடு ‘ஷான் தெலிஸ்யூ’ என்ற தொகுப்பை வெளியிட்டார்.

இதில் முதல் ஆள் அவர் இல்லை. போட்டோகிராஃபியின் முன்னோடிகளில் ஒருவரான டால்பட் 1830களிலேயே இலைகளைத் தாளில் வைத்து நிழலெடுத்தார். அன்னா அட்கின்ஸ் 1843இல் தொடங்கிக் கடல்பாசிகளை நீலப் படங்களாகப் பதிப்பித்தார். கிறிஸ்டியான் ஷாட் 1919இல் செய்தார். மொஹோலி-நாகி ஏறக்குறைய மேன் ரே காலத்திலேயே செய்தார். பிறகு மேன் ரேவிடம் என்ன விசேஷம்? இலையையும் பாசியையும் தாளோடு ஒட்டிப் படுக்க வைத்தால் வெள்ளை உருவம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். மேன் ரே சாமான்களை நிமிர்த்தி வைத்தார், கண்ணாடியை நுழைத்தார், விளக்கை நகர்த்தினார், நடுவில் ஒரு பொருளை எடுத்துவிட்டு மறுபடி வெளிச்சம் கொடுத்தார். அதனால் அவர் படங்களில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே சாம்பல் நிறம் படிப்படியாக இறங்குகிறது. நிழலுக்கு ஆழம் வந்துவிடுகிறது. எனவே பேப்பரை உரசிப் பார்க்க வேண்டியது இந்த மூன்றில்தான்: கறுப்பு அடர்த்தியாக வருகிறதா, வெள்ளை அழுக்கில்லாமல் நிற்கிறதா, நடுவில் உள்ள சாம்பல் படிகள் பிழைக்கின்றனவா.

கறுப்பில் குறையே இல்லை. கிளாஸி வகையில் அடர்ந்த, ஈரம் காய்ந்த பிறகும் இறங்காத கறுப்பு வருகிறது. பேர்ல், சாட்டின் வகைகள் கையில் பிடித்துப் பார்க்க அழகு, விரல் ரேகையும் தெரியாது; ஆனால் மேற்பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கறுப்பு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். ரேயோகிராஃபில் முக்கால்வாசித் தாள் கறுப்புத்தான் என்பதால் கிளாஸியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

ஆர்சி தாளா, ஃபைபர் தாளா என்ற கேள்விக்கு நம் பகுதியில் தண்ணீர்தான் பதில் சொல்கிறது. ஆர்சி தாளில் இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு. ரசாயனம் உள்ளே ஊறாது. ஓடும் தண்ணீரில் 2 நிமிடம் கழுவினால் போதும். பிளாஸ்டிக் பூசாத ஃபைபர் தாளைச் சாதாரணமாகக் கழுவ 60 நிமிடம். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கும் தெருவில் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவிடுவது நியாயமில்லை. மேன் ரே இந்தப் படங்களைச் செய்த 1920களில் பிளாஸ்டிக் பூசிய தாளே கிடையாது. அவர் தாளின் தடிமனும் காய்ந்தபின் வரும் நெளிவும் இதில் வராது. நிழல் வேலைக்கு அது பெரிய இழப்பில்லை.

சாம்பல் படிகள் விஷயத்தில்தான் மல்டிகிரேடு தன் பெயரைக் காப்பாற்றுகிறது. இந்தத் தாள் நீல வெளிச்சத்துக்கும் பச்சை வெளிச்சத்துக்கும் வேறு வேறு விதமாக வேலை செய்கிறது. நீலம் அதிகமானால் கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, ஏறும். பச்சை அதிகமானால் இறங்கிச் சாம்பல் விரியும். ஸ்டுடியோக்களில் இதற்கென்று 00 முதல் 5 வரை ஃபில்டர் வைத்திருப்பார்கள். என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் காட்டும் கருவி) இல்லாதவர்களுக்கு டார்ச்சின் வாயில் ஒட்டும் மஞ்சள் செலஃபன் தாளே போதும். மஞ்சள் நீலத்தைத் தடுத்துவிடும், படம் மென்மையாகும். மீன் துடுப்பு, வெங்காயச் சருகு, டிஷ்யூ போன்ற பாதி ஒளி விடும் பொருள்களுக்கு மஞ்சள் கட்டாயம் வேண்டும். ஸ்ப்ரிங், பேரிங், சாவி போன்ற இரும்புச் சாமான்களுக்கு வேண்டாம்.

வெள்ளைதான் நம் ஊரில் சிக்கல். அது தாளின் குற்றமில்லை. பெரும்பாலும் இருட்டறையில் கண் தெரிவதற்காக எரியும் சிவப்பு விளக்கின் குற்றம், இல்லையென்றால் வெக்கையின் குற்றம்.

சிவப்பு விளக்கை எடுத்துக்கொள்வோம். சாமி மாடத்தில் எரியும் ஜீரோ வாட்ஸ் சிவப்பு பல்பு கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். கண்ணாடி மேல் பூசிய சாயம் எங்காவது மெலிந்திருந்தால் அங்கே வெள்ளை வெளிச்சம் கசியும். இந்த தாள் பச்சைக்கும் மசிவதால் ஆரஞ்சு, மஞ்சள் விளக்கை நம்பவே கூடாது. அடர்சிவப்பு எல்இடி நல்லது. அதையும் தாளிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் தள்ளிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சோதிப்பது சுலபம். ஒரு துண்டுத் தாளுக்கு முதலில் இளஞ்சாம்பல் வருகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் காட்டுங்கள். பிறகு அதன் மேல் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துச் சிவப்பு விளக்கின் கீழ் 5 நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு ஆகாது. வெறும் வெள்ளைத் தாளில் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏற்கனவே கொஞ்சம் வெளிச்சம் வாங்கிய தாள்தான் சிறு கசிவையும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து வெக்கை. டெவலப்பர் 1+9, அதாவது ஒரு பங்கு டெவலப்பருக்கு 9 பங்கு தண்ணீர். 20 டிகிரியில் 1 நிமிடம். ஒரு ட்ரேக்கு ஒரு லிட்டர் கலந்தால் 100 மி.லி. டெவலப்பர், 900 மி.லி. தண்ணீர். டெவலப்பர் 32, 33 டிகிரிக்கு ஏறிவிட்டால் சில நொடியிலேயே படம் பாய்ந்து வரும். பயந்து 20 விநாடியில் தாளை உருவினால் கறுப்பு திட்டுத்திட்டாக நிற்கும். பயப்படாமல் ஒரு நிமிடம் விட்டால் வெள்ளையில் புகை படியும். மருந்தும் சீக்கிரமே காற்றுப்பட்டு டீ நிறத்துக்கு வந்து சக்தி இழக்கும். ஈரத் தாளின் மேல்பூச்சு வெப்பத்தில் இளகுவதால் இடுக்கி பட்ட இடம் கீறலாகும்.

இதற்கு ஏசி தேவையில்லை. டெவலப்பர் ட்ரேயை அதைவிடப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் வையுங்கள். டப்பில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, காசிமேட்டில் மீனுக்குப் போடும் உடைத்த ஐஸை ஒரு பாலிதீன் பையில் கட்டி அதில் போடுங்கள். ஐஸை டெவலப்பருக்குள் நேராகப் போடவே கூடாது. கரையக் கரைய மருந்து நீர்த்துவிடும், மீன் ஐஸில் உப்பும் அழுக்கும் இருக்கும். தெர்மாமீட்டர் 24 டிகிரி காட்டினால் வேலையைத் தொடங்கலாம். 20க்கு இறக்கியே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம். 24இல் நிறுத்தி, எல்லாத் தாளுக்கும் ஒரே நேரம் கொடுத்து, கறுப்பு கூடினால் வெளிச்சத்தைக் குறைப்பதுதான் சரி. டெவலப் நேரத்தைத் தாளுக்குத் தாள் மாற்றினால் எதனால் எது மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. ட்ரேக்கள் நான்கும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இன்னும் நல்லது. டேங்க் தண்ணீரை விடியற்காலையில் வாளியில் பிடித்து வீட்டுக்குள் நிழலில் வைத்துவிட்டால் இரவு வேலைக்கு அது டேங்க் தண்ணீரைவிடச் சூடு குறைவாக இருக்கும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும். அதில் டெவலப்பர் கலந்தால் அடியில் வெள்ளைக் கசடு தங்கும். அது தாளில் ஒட்டிப் புள்ளியாகும். டெவலப்பருக்கு மட்டும் கேன் தண்ணீர். ஸ்டாப், ஃபிக்ஸர் இரண்டுக்கும் மெட்ரோ வாட்டர் தாராளம். கழுவியதும் கடைசியாக ஒருமுறை கேன் தண்ணீரில் முக்கியெடுத்தால் காய்ந்தபின் உப்புக் கறை நிற்காது. 

மற்ற இரண்டு மருந்துகளையும் முடித்துவிடலாம். இல்ஃபோஸ்டாப் 1+19, 10 விநாடி. சிட்ரிக் ஆசிட்தான், மணமில்லை. மஞ்சளாக இருக்கும் கரைசல் ஊதாவாக மாறினால் கொட்டிவிட வேண்டும். இது கிடைக்காவிட்டால் மளிகைக் கடை எலுமிச்சை உப்பை லிட்டருக்கு 15 கிராம் கரைத்துக்கொள்ளலாம். நிறம் மாறி எச்சரிக்காது, மற்றபடி வேலை ஒன்றுதான். ரேபிட் ஃபிக்ஸர் 1+4, 30 விநாடி. நம் ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பது இதைத்தான், ஆனால் பழைய ஹைப்போவைப் போல் பத்து நிமிடம் ஊற வைத்தால் இது இளஞ்சாம்பலை அரித்துவிடும். பாடுபட்டு வரவழைத்த சாம்பல் அங்கேதான் தொலைகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இனி வெளிச்சம். நல்ல பேப்பரை வாங்கிவிட்டுச் செல்போன் டார்ச்சை ஒரு முழ உயரத்தில் பிடிப்பவர்கள்தான் அதிகம். ஒரு விநாடிக்குள் தாள் முழுக்கக் கறுத்து, பொருளின் அடியிலும் வெளிச்சம் நுழைந்துவிடும். சின்ன டார்ச்சின் முகத்தைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் 3 மி.மீ. துளை போடுங்கள். தாளிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். துண்டுத் தாளில் 1, 2, 4, 8 விநாடி என்று பட்டை பட்டையாகச் சோதித்து, முழுக் கறுப்பு வருகிற முதல் பட்டையின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 4 முதல் 8 விநாடிக்குள் விழுகிற மாதிரி துளையைச் சிறிதாக்குங்கள், அல்லது டிஷ்யூ தாளை ஒட்டுங்கள். இதைவிடக் குறைவாக இருந்தால் கையால் கட்டுப்படுத்த முடியாது.

துளையின் அகலம் எதற்கு முக்கியம் என்றால், நிழல் ஓரம் எவ்வளவு மங்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. விளக்கின் அகலத்தைப் பொருள் நிற்கும் உயரத்தால் பெருக்கி, விளக்குக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் மங்கலின் அகலம் கிடைக்கும். 3 மி.மீ. துளை, 1.5 மீட்டர் உயரம், பொருள் தாளுக்கு மேல் 3 செ.மீ. என்றால் மங்கல் 0.06 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. அதே பொருளுக்கு 6 செ.மீ. குண்டு பல்பை அரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் ஏறக்குறைய 4 மி.மீ. மங்கல். மேன் ரேவின் படங்களில் ஒரு பொருள் கத்திபோல் கூராகவும் பக்கத்துப் பொருள் பஞ்சாகவும் இருப்பதற்கு இந்தக் கணக்குத்தான் அடிப்படை. இரண்டு விளக்கையும் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

நடுவில் பொருளை எடுக்கும் வித்தைக்கு ஒரு எச்சரிக்கை. முழுக் கறுப்புக்கு 8 விநாடி என்றால், 4 விநாடி வைத்திருந்த பொருளை எடுத்துவிட்டு மிச்சம் 4 கொடுத்தால் அந்த இடம் நடுச் சாம்பலாகும் என்றுதான் தோன்றும். ஆகாது, கரும் சாம்பலாகி கறுப்போடு கலந்துவிடும். 6 விநாடி வைத்திருந்து, எடுத்தபின் 2 விநாடி அல்லது அதற்கும் குறைவாகக் கொடுத்தால்தான் சாம்பல் தனியாகத் தெரியும்.

எதை வைப்பது? இங்கே வடசென்னைக்காரர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. காசிமேட்டு ஒற்றை இழை நைலான் வலையைத் தாளின் மேல் கசக்கிப் போட்டால், ஒட்டிய இடத்தில் இழை கூராகவும் எழும்பிய இடத்தில் புகையாகவும் வரும். கூர்ந்து பார்த்தால் ஒட்டியிருக்கும் இழையின் நடுவில் மயிரிழை அகலத்துக்குக் கறுப்புக் கோடு ஓடும். நைலான் இழையே சின்ன லென்ஸாகி வெளிச்சத்தைக் குவிக்கிறது. வலையை நல்ல தண்ணீரில் அலசி முழுக்கக் காயவைத்த பிறகே தாளில் வைக்க வேண்டும். உப்புப் பிசுபிசுப்போடு வைத்தால் தாளில் ஒட்டிக்கொண்டு மேல்பூச்சை உரித்துவிடும். மீன், இறால், நண்டு ஓடு எல்லாவற்றுக்கும் இடையில் ஒரு ஓஹெச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) கட்டாயம்.

கேரம் காய் மரம் என்பதால் வெறும் வெள்ளை வட்டம், அதில் ரசிக்க ஒன்றுமில்லை. ஒளி ஊடுருவும் ஸ்ட்ரைக்கர் பிரமாதம். உள்ளே உள்ள டிசைன் வளையங்கள் சாம்பலில் இறங்கும். அதைவிட கேரம் பவுடர். 3 மி.மீ. கண்ணாடியைத் தாளுக்கு மேல் இரண்டு கட்டையில் தாங்க வைத்து, அதில் பவுடரைச் சல்லடையால் தூவி, விரலால் கோடு கிழித்துப் பாருங்கள். 1920இல் தூஷாமின் பெரிய கண்ணாடிப் படைப்பில் மாதக்கணக்கில் படிந்த தூசியை மேன் ரே படமெடுத்தார். வானத்திலிருந்து பார்க்கும் நிலம்போல் இருக்கும் அந்தப் படம். அதன் மணலும் மேடும் இந்தப் பவுடரில் கொஞ்சம் வாய்க்கிறது. பவுடரைத் தாளில் நேரடியாகக் கொட்டினால் டெவலப்பர் ட்ரே கலங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட நான் சிபாரிசு செய்வது டீக்கடைக் கண்ணாடி கிளாஸ். வரிப்பள்ளம் உள்ள சின்ன கிளாஸ்தான். நிமிர்த்தி வைத்து நேர்மேலிருந்து வெளிச்சம் கொடுத்தால் விளிம்பு வெள்ளை வளையமாகவும், அடிக்கண்ணாடியின் தடிப்பு இன்னொரு வளையமாகவும், இரண்டுக்கும் நடுவே சுவர் சாம்பல் பட்டையாகவும் வரும். படம் நன்றாக இருக்கும், ஆனால் உறங்கும். விளக்கைச் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் கொண்டுவாருங்கள். கிளாஸின் நிழல் தாளில் நீளும். ஒவ்வொரு பள்ளமும் வெளிச்சத்தைக் குவித்து நிழலுக்குள்ளேயே கறுப்புக் கோடுகளாக எறியும். கோடுகள் அடியில் நெருங்கி மேலே விசிறியாக விரியும். பாதித் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மட்டத்தில் கோடுகள் உடைந்து இன்னொரு திசைக்குத் திரும்பும். மேன் ரே புனலையும் குடுவையையும் வைத்தபோது தாளில் நடந்ததும் இதேதான். பொருளின் வெளிக்கோட்டைத் தாண்டி, பொருளுக்குள் வெளிச்சம் எப்படி நடந்தது என்பதைத் தாள் எழுதிக்கொள்கிறது. இந்த கறுப்புக் கோடுகளின் மெல்லிய ஓரத்தை மல்டிகிரேடு கிளாஸி துல்லியமாகப் பிடிக்கிறது. பேப்பருக்கு முழு மதிப்பெண் கொடுக்க இது ஒன்றே போதும்.

கழற்றிய டங்ஸ்டன் பல்பு ஒன்றையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் மின்விநியோகக் கம்பெனிக்காக 1931இல் மேன் ரே செய்த ‘எலெக்ட்ரிசித்தே’ தொகுப்பில் 10 படங்கள். மின்சாரத்தை விளம்பரப்படுத்தும் வேலைக்கே ரேயோகிராஃபைக் கொண்டுபோய்விட்டார். பேசின் பிரிட்ஜும் எண்ணூரும் மின்சாரம் தந்த பகுதியில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் விடக்கூடாது.

சோலரைசேஷனுக்கு வருவோம். லீ மில்லர் 1929இல் மேன் ரேவிடம் வந்து சேர்ந்தார். உதவியாளராகவும் துணையாகவும் இருந்தார், அவரே பெரிய போட்டோகிராஃபர். இருட்டறையில் காலில் ஏதோ ஏறி ஓடியதும் பதறி விளக்கைப் போட்டுவிட்டதாகவும், ட்ரேயில் இருந்த நெகட்டிவ்களைக் காப்பாற்ற மேன் ரே அவற்றை உடனே ஃபிக்ஸரில் போட்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். பாதி டெவலப் ஆன படத்துக்கு மறுபடி வெளிச்சம் காட்டினால் பாதி இடம் தலைகீழாகும், கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லையில் பென்சிலால் வரைந்தது போன்ற கோடு ஒன்று தோன்றும். 1860களிலேயே சபாத்தியே இதைப் பற்றி எழுதியிருந்தார். அதை ஒரு முகத்தின் ஓரத்தில் ஓடவிட்டு உருவப்படமாக்கியதில்தான் மேன் ரேவும் மில்லரும் தனித்து நிற்கிறார்கள்.

அந்தக் கோடு ஏன் வருகிறது என்று தெரிந்தால் இந்த பேப்பர் ஏன் தடுமாறுகிறது என்பதும் தெரியும். டெவலப் ஆகும்போது கறுக்கும் இடத்தில் புரோமைடு வெளியாகும். அது பக்கத்து ஓரத்தில் தேங்கி, அங்கே டெவலப் ஆவதைத் தடுக்கும். தேங்க வேண்டுமென்றால் நேரம் வேண்டும், ட்ரே அசையக் கூடாது. ஆர்சி தாள் ஒரு நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. நம் வெக்கையில் அதற்கும் முன்னால். தேங்க எங்கே நேரம்? டெவலப்பரை 1+20க்கு நீர்க்கச் செய்து, கான்ட்ராஸ்ட் கூடிய 5ஆம் நம்பர் ஃபில்டரில் முதல் வெளிச்சம் கொடுத்து, படம் மூன்றில் ஒரு பங்கு எழும்பியதும் ட்ரே ஆட்டுவதை நிறுத்தி, 10 விநாடி அடங்கவிட்டு, துளை போட்ட டார்ச்சால் ஒரே ஒரு மினுக்கு காட்டி, அதன்பிறகு தொடாமல் விட்டால் கோடு மெலிதாக வரும். ஆனால் படம் முழுக்க மந்தமான சாம்பலாகவே இருக்கும். வெள்ளையே மிஞ்சாது.

மேன் ரே பெரும்பாலும் நெகட்டிவைத்தான் சோலரைஸ் செய்தார், பிரிண்டை அல்ல. நாமும் அதையே செய்ய வேண்டும். சிவப்பு விளக்கில் கையாளக்கூடிய இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் 4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் சோலரைஸ் செய்து, வந்த நெகட்டிவை மல்டிகிரேடு தாளில் முகத்தோடு முகம் வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி பிரிண்ட் எடுங்கள். ஃபிலிமில் மந்தமாக இருப்பதை 4ஆம் 5ஆம் ஃபில்டர் பேப்பரில் தூக்கிவிடும். இந்தப் பாதியில் பேப்பர் மறுபடியும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

செலவு கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்கு மொட்டைமாடி சயனோடைப் இருக்கிறது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 சதக் கரைசல், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 சதக் கரைசல், சம அளவு கலந்து தடித்த டிராயிங் தாளில் பூசி இருட்டில் காயவைத்தால் வெயிலிலேயே படம் எடுக்கலாம். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெரு ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வலையும் இலையும் அழகாக வரும். நீல நிறம்தான், நிமிடக்கணக்கில் வெயில் வேண்டும். விளக்கை நகர்த்தும் வித்தை எதுவும் இதில் நடக்காது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பெட்டியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும். வெயில் பட்ட ஷோகேஸில் கிடந்த பழைய பெட்டியைத் தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம்; ஓரம் சாம்பலாகப் புகைந்திருக்கும். ரேயோகிராஃபுக்கு நெகட்டிவ் கிடையாது, ஒவ்வொன்றும் ஒரே பிரதிதான் என்பதால் நல்ல படம் ஒன்றுக்குப் பல தாள் செலவாகும். அதற்காக 100 தாள் பெட்டி வாங்கத் தோன்றும். கடல் காற்றுப் படும் வீட்டில் 25 தாள் பெட்டியே மேல். திறந்த பெட்டியைக் கறுப்புப் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வேலைக்கு 3 மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிர்ந்த பெட்டியை உடனே திறந்தால் தாளில் வியர்த்துவிடும். நன்றாக வந்த படத்தைப் பிரதி எடுக்க வேண்டுமென்றால் மேன் ரே ‘ஷான் தெலிஸ்யூ’வுக்குச் செய்ததையே செய்யலாம்: அசலைக் கேமராவில் படமெடுத்து, அந்த நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடுவது.

ஒரு லிட்டர் ஃபிக்ஸர் 8×10 ஆர்சி தாள் 80 வரை தாங்கும். தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றினால் கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் போகும். வெள்ளி கலந்த தண்ணீர் மீனுக்கு நஞ்சு. மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, எக்ஸ்ரே ஹைப்போவிலிருந்து வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுத்துவிடலாம். அதுவரை கேனுக்குள் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஒரு கைப்பிடி போட்டு வைத்தால் சில நாளில் வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரில் இது நடக்காது. துருப்பிடிக்கிற சாதா இரும்பு நார்தான் வேண்டும். கேன் வாயை இறுக்காமல், ஜன்னலோரம், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.